புதிதாகக் கட்டிய ஆர்டிஏ அட்டமைசரில் கருகல் சுவை வருவது ஏன்?

ஆர்டிஏ என்பது மின்சிகரெட்டில் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஆவியாக்கும், நாமே கம்பி சுற்றிக் கட்டும் பகுதி. காயிலும் (சூடாகும் கம்பிச்சுருள்) புதிது, திரவத்தை உறிஞ்சும் பஞ்சும் புதிது, ஆனாலும் நாலாவது இழுப்பிலேயே கருகுகிறது என்றால் முதலில் பஞ்சைச் சந்தேகப்படுங்கள். 3 மி.மீ. உள்விட்டக் காயிலுக்குள் அதை இழுக்கும்போது லேசான பிடிப்பு இருந்தால் போதும். காயிலும் சேர்ந்து வளைந்தால் திணிப்பு அதிகம். நெருங்கிய பஞ்சில் திரவம் ஏறாது, நடுப்பகுதி காய்ந்துவிடும். நுனிகளைச் சீவி மெலிதாக்கி, அடித்தொட்டியைத் தொடுமளவு வெட்டுங்கள். அமுக்கி அடைக்காதீர்கள், பலரும் கெடுப்பது இங்கேதான். விஜி (வெஜிடபிள் கிளிசரின்) 70 சதவீதத்தைத் தாண்டிய கெட்டித் திரவத்துக்குப் பஞ்சு இன்னும் குறைவாக இருக்கட்டும்.

பஞ்சு வைக்குமுன் 10 வாட்டில் பொத்தானை விட்டுவிட்டு அழுத்திப் பாருங்கள். சிவப்பு நடுவில் தொடங்கி ஓரங்களுக்குப் பரவ வேண்டும். ஒரு சுற்று மட்டும் முந்திச் சிவந்தால், பீங்கான் முனை இடுக்கியால் வருடி நெருக்குங்கள். உலோக இடுக்கியென்றால் மின்சாரத்தை நிறுத்திய பிறகே.

26 கேஜ் (தடிமன் அளவு) கான்தல் எனும் சூடாக்கும் உலோகக் கலவைக் கம்பியில் 6 சுற்றுக்குச் சுமார் 0.8 ஓம் மின்தடை வரும். அந்த எண் அழுத்தும்போதெல்லாம் குதித்தால் திருகு தளர்ந்திருக்கிறது. 0.1-க்கு அருகே விழுந்தால் கம்பியின் கால் எங்கோ அட்டமைசரின் உலோக உடலைத் தொடுகிறது. மூடியைக் கழற்றி, நீட்டிய நுனியை ஒட்ட வெட்டுங்கள்.