வின்டேஜ் நம்பர் வாங்கினால் ஊட்டிக்குப் போக முடியாது!

கேள்வி: கோவையில் இருக்கிறேன். பத்தாவது படிக்கும்போது பார்த்து மயங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டை 46 வயதில் வாங்கிவிட்டேன். 1965 மாடல், இரண்டு கதவு, சிவப்பு, கூரை இல்லாத ஓபன் கார். நாலரை லட்சத்தில் 4 லட்சம் கொடுத்தாகிவிட்டது. ஆர்.சி. புத்தகம் விற்றவரின் காலமான அப்பா பெயரில் இருக்கிறது. விற்றவருக்கு அம்மா இல்லை, சென்னையில் ஒரு அக்கா. புத்தகத்தில் 'சலூன்', அதாவது கூரை உள்ள கார் என்று போட்டிருக்கிறது. பதிவைப் புதுப்பித்த கெடு 2021-லேயே முடிந்துவிட்டது. மே மாதம் மனைவியோடு ஊட்டி, கல்லட்டி, மசினகுடி வழியாக மைசூர் போக ஆசை. 'வின்டேஜ் நம்பர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்கிறார் புரோக்கர். உண்மையா?

பதில்: புரோக்கர் பேச்சைக் கேட்டீர்கள் என்றால் கார் ஷெட்டிலேயே நிற்கும். 2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வாகனத் திருத்த விதிகள்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த கார்களுக்கு 'விஏ' நம்பர் உண்டு. கண்காட்சி, வின்டேஜ் ராலி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று இவற்றுக்குத்தான் அந்த நம்பரோடு ரோட்டில் இறங்கலாம். மனைவியோடு மைசூர் போவது இந்தப் பட்டியலில் வராது. தவிர, வண்டி அசல் வடிவம் மாறாமல் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. உங்கள் காருக்குத்தான் கூரையே இல்லையே. உங்களுக்கு வேண்டியது சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பது. கிடைத்தால் ஐந்து வருடம் நிம்மதி. 15 வருடம் தாண்டினால் ஓட்டவே கூடாது என்று யாராவது பயமுறுத்தினால், அது டில்லி வட்டாரத்துச் சங்கதி என்று சொல்லிவிடுங்கள். இங்கே ஆய்வில் தேறி, பசுமை வரியும் கட்டினால் போதும்.

ஆனால் புதுப்பிக்க மனு போடுவது யார்? பதிவு உரிமையாளர் உயிரோடு இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 50(2) பிரிவும் அதற்கான விதியும் சொல்வதன்படி, அப்பா இறந்த மூன்று மாதத்துக்குள் வாரிசு தன் பெயருக்கு மாற்றியிருக்க வேண்டும். மகன் அதைச் செய்யவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் அந்த அக்கா. இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் குடும்பம் என்றால், உயில் இல்லாத பட்சத்தில் மகளுக்கும் சம பங்கு. தம்பி உங்களுக்கு விற்றது முழுக் கார் அல்ல, அதில் தன் பங்கை மட்டும்தான். வாரிசுச் சான்றிதழ், அக்காவின் ஆட்சேபணை இல்லாக் கடிதம் இரண்டையும் கேளுங்கள். முதலில் படிவம் 31-ல் தம்பி பெயருக்கு, பிறகு 29, 30-ல் உங்கள் பெயருக்கு. அதுவரை மிச்சமுள்ள 50 ஆயிரத்தைக் கையை விட்டு விடாதீர்கள். இந்த விஷயத்தில் உங்களிடம் இருக்கும் ஒரே பிடி அதுதான். அக்கா முரண்டு பிடித்தால் ஒன்றைச் சொல்லுங்கள்: விபத்து இழப்பீட்டில் பதிவேட்டில் பெயர் உள்ளவரையே உரிமையாளராகக் கொள்ள வேண்டும் என்று 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இந்தக் கார் எங்காவது இடித்தால் நோட்டீஸ் அப்பாவின் வாரிசுகளைத் தேடித்தான் வரும்.

இனி கூரை. ஹெரால்டின் அழகே அதன் கட்டமைப்புதான். தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) மேல் உடலைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். பானெட்டை முன்பக்கமாகக் கவிழ்த்தால் முன்சக்கரம் முழுதாகத் தெரியும். சலூன் கூரையும் போல்டில்தான் நிற்கும். ஆகவே முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். போல்ட் துளைகள் ஒழுங்காக இருந்தால் கூரையைக் கழற்றியிருக்கிறார்கள். ரம்பம் பட்ட தழும்பும் அதை மறைத்த புட்டிப் பூச்சும் தட்டுப்பட்டால் அறுத்திருக்கிறார்கள். கழற்றியது என்றால் விற்றவரிடம் இன்றே போன் போட்டு, 'கூரை எங்கே?' என்று கேளுங்கள். ஏதாவது ஷெட்டில் கிடக்கும். அதை மாட்டித்தான் ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டும்.

கூரை இல்லாமலே போகிறேன் என்றால், தயாரிப்பாளர் தந்த விவரத்துக்கு மாறான மாற்றம் கூடாது என்கிறது 52-ஆம் பிரிவு; 2019-ல் ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதில் கறாராக நின்றது. பிரிட்டனில் டிரையம்ப் நிறுவனம் இதே ஹெரால்டை ஓபன் காராகவும் விற்றது என்று ஆர்.டி.ஓ.விடம் வாதாடலாம்தான். 'அது அவர்கள் கார், உங்களுடையது சென்னையில் செய்தது' என்பார். ஜெயிப்பீர்கள் என்று என்னால் சொல்ல முடியாது. இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமும் இதை மறைக்காதீர்கள்.

இவை முடியும்வரை தெருமுனை வரைகூட வண்டியை எடுக்க வேண்டாம். பதிவு காலாவதியான வண்டிக்கு 5,000 ரூபாய் வரை அபராதம். விபத்து ஆனால் அதோடு நிற்காது.

எல்லாம் கைக்கு வந்ததும் நீலகிரிக்கு இ-பாஸ் எடுங்கள்; 2024 மே முதல் உயர் நீதிமன்ற உத்தரவு அது. கல்லட்டி வழி இறங்க வெளியூர் வண்டிகளை விடுவதில்லை. கூடலூர் வழியாகத்தான் போக வேண்டும். வழியில் பந்திப்பூர் காட்டில் இரவு 9 மணிக்குச் சாலையை அடைத்தால் காலை 6-க்குத்தான் திறப்பார்கள். ஊட்டியில் மதியச் சாப்பாட்டை இழுக்காமல் கிளம்புங்கள்.