மகளுக்கு எந்தக் கட்டத்தை டிக் செய்வது?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். நான் மதுரைக்காரி, கணவர் கறுப்பின அமெரிக்கர். மகளைக் கிண்டர்கார்டனில் சேர்க்கும் படிவத்தில் 'ரேஸ்' என்று கேட்டு வரிசையாகக் கட்டங்கள் போட்டிருக்கிறார்கள். எதை டிக் செய்வது? 1968-ல் இங்கே வந்த என் பெரியப்பா, "அப்போதெல்லாம் நம்மை வெள்ளைக்காரர்களோடு சேர்த்துத்தான் எண்ணினார்கள்" என்கிறார். நிஜமா?

பதில்: 'ஏஷியன்', 'பிளாக் ஆர் ஆப்ரிக்கன் அமெரிக்கன்' இரண்டையும் டிக் செய்யுங்கள். 'அமெரிக்கன் இந்தியன்' கட்டத்தில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள். அது அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கானது. காலியாக விடவும் வேண்டாம். அரசுப் பள்ளியில் பெற்றோர் நிரப்பாவிட்டால், பள்ளி ஊழியரே குழந்தையைப் பார்த்து ஏதாவது ஒன்றைக் குறிக்க வேண்டும் என்கிறது மத்தியக் கல்வித் துறையின் வழிகாட்டுதல். உங்கள் மகள் யார் என்பதை யாரோ ஒருவர் கண்ணால் அளந்து எழுத வேண்டாமே!

பெரியப்பா சொல்வது உண்மை. 1970 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியர்கள் வெள்ளையர் கணக்கில்தான் சேர்க்கப்பட்டார்கள். அதற்கு முன் 1920, 1930, 1940-ல் நம்மவர்களுக்கு இருந்த இனப்பெயர் 'ஹிந்து'. சீக்கியரானாலும் முஸ்லிமானாலும் அதே பெயர்தான். இந்தியர் சங்கங்கள் முறையிட்ட பிறகு, 1980-ல் 'ஏஷியன் இந்தியன்' வந்தது.

உங்கள் மகளையே அந்தந்த ஆண்டுகளில் நிறுத்திப் பாருங்கள். 1930 விதிப்படி அவள் தகப்பனின் இனம், அதாவது 'நீக்ரோ'. 1970-ல் ஒரே விடை சொல்ல முடியாதவர்களுக்கு அப்போதும் தகப்பன் இனம்தான். 1980-ல் விதி மாறித் தாயின் இனம் என்றானது. அவள் ஏஷியன் இந்தியன். ஒன்றுக்கு மேற்பட்ட கட்டங்களைக் குறிக்க 2000-ல்தான் விட்டார்கள். அதே குழந்தை, அதே தாய் தகப்பன்.

சமூகவியலாளர்கள் மைக்கேல் ஓமி, ஹோவர்ட் வினண்ட் இருவரும் 1986-ல் இதற்கு 'இன உருவாக்கம்' என்று பெயர் வைத்தார்கள். அரசு, நீதிமன்றம், போராட்டம், அன்றாடப் பழக்கம் எல்லாம் சேர்ந்து இனங்களை ஆக்குகின்றன, மாற்றுகின்றன, அழிக்கின்றன என்பது அவர்கள் வாதம். (நாம் 'தமிழினம்' என்னும்போது மொழியும் மண்ணும் மனத்தில் இருக்கும். படிவம் கேட்பது அதையல்ல.)

மனிதர் வகுத்த பிரிவு என்பதால் அது வலிக்காது என்று எண்ணிவிடக் கூடாது. குடியேறி வந்தவர்களில் வெள்ளையரும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் மட்டுமே குடியுரிமை பெறலாம் என்றிருந்த காலத்தில், 1922-ல் ஜப்பானியரான தகாவோ ஒசாவாவிடம், "வெள்ளையர் என்றால் காக்கேசியர், நீர் காக்கேசியர் இல்லை" என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். (ஐரோப்பியரையும் வேறு சிலரையும் சேர்த்து அக்கால மானிடவியல் வைத்த இனப்பெயர் 'காக்கேசியர்'.) மூன்றே மாதத்தில், மானிடவியல் நூல்களைக் காட்டி நான் காக்கேசியன்தான் என்று வாதாடினார், அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பகத் சிங் திண்ட். அவரிடம், "நூல் சொல்வது வேண்டாம், சாமானியர் யாரை வெள்ளையர் என்று நினைக்கிறாரோ அவர்தான் வெள்ளையர்" என்றது அதே நீதிமன்றம். அந்தத் தீர்ப்பால், ஏற்கெனவே பெற்றிருந்த குடியுரிமையையும் சிலர் இழந்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பகாய் அவர்களில் ஒருவர். கடையும் கைவிட்டுப் போனது. 1928-ல் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த வழக்கை என்னால் இன்றும் மனம் பதறாமல் வாசிக்க முடிவதில்லை.

மருத்துவரிடம் போகும்போது மட்டும் 'ஏஷியன்' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாதீர்கள். சீனரும் ஜப்பானியரும் அதே கட்டத்தில்தான் இருக்கிறார்கள். தாய்வழி தென்னிந்தியா என்பதையும், வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய், இதய நோய் இருந்தால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இந்தப் படிவம் கடைசிப் படிவமும் அல்ல. 2024 மார்ச்சில் மத்திய அரசு 'மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கா' என்று புதிய பிரிவு ஒன்றைச் சேர்த்திருக்கிறது. கல்லூரிக்கும் வேலைக்கும் போகும்போது உங்கள் மகள் வேறு கட்டங்களைப் பார்க்கலாம். தாய் வெள்ளையராக இருந்தும் 2010 கணக்கெடுப்பில் 'பிளாக்' ஒன்றை மட்டுமே குறித்தார் ஒபாமா. உங்கள் மகளும் நாளை ஒன்றை மட்டும் குறிக்கலாம், இரண்டையும் குறிக்கலாம். எதுவானாலும் செல்லும்.