காசநோய் மாத்திரையோடு சென்னைக்கு வேலைக்கு அனுப்பலாமா?

அம்மா, வணக்கம்.

அனுப்பலாம். ஆனால் நீங்கள் மனதில் முடிவு செய்து வைத்திருக்கும் வேலைக்கு வேண்டாம். நீங்கள் முடிவு செய்து வைத்திருக்கும் வீட்டிலும் அவன் தங்க வேண்டாம்.

உங்கள் கடிதத்திலிருந்து நான் புரிந்துகொண்டது இது. மகன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த கையோடு நுரையீரல் காசநோய் என்று தெரிந்தது. முதல் இரண்டு மாத மாத்திரை முடிந்து, சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. இன்னும் நான்கு மாத மாத்திரை பாக்கி. கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. ஒரகடத்தில் ஒப்பந்தக்காரர் மூலம் ஒரு வேலையும், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சின்ன நிறுவனம் ஒன்றில் தரச் சோதனைப் பிரிவில் ஒரு வேலையும் வந்திருக்கின்றன. சங்கரன்கோவிலிலேயே ஒரு வருடம் வைத்து, உடம்பைத் தேற்றி அனுப்பினால் என்ன என்பது உங்கள் முதல் கேள்வி.

இந்தக் கேள்விக்குச் சென்னையிலேயே ஒரு பழைய பதில் உண்டு. காசநோய் என்றாலே சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும் என்று உலகமே நம்பிய காலத்தில், 1956இல் சேத்துப்பட்டில் ஒரு ஆய்வு தொடங்கினார்கள். நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மறுபாதியை, நெரிசலான ஏழைக் குடியிருப்புகளில், அவரவர் வீட்டிலேயே வைத்து அதே மருந்தைக் கொடுத்தார்கள். 1959இல் முடிவு வெளியானபோது இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தன. இத்தனைக்கும் வீட்டில் இருந்தவர்களுக்கு ஓய்வும் குறைவு, சாப்பாடும் சுமார். அவர்களோடு இருந்த குடும்பத்தாருக்கும் கூடுதலாக நோய் பரவவில்லை. அந்த நிலையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். ஆக, உங்கள் மகனைக் குணப்படுத்துவது கட்டில் அல்ல, மாத்திரை. அதை அவன் சென்னையிலும் விழுங்கலாம்.

காத்திருப்பதில் ஒரு நஷ்டமும் இருக்கிறது. டிப்ளமோ முடித்தவர்களை எடுக்கும் விளம்பரங்களில் தேர்ச்சி பெற்ற ஆண்டைக் குறிப்பிட்டுக் கேட்பது வழக்கமாகிவிட்டது. இந்த ஆண்டு அல்லது சென்ற ஆண்டு முடித்தவர்கள் மட்டும் என்பார்கள். ஆறு மாத இடைவெளியை யாரும் பெரிதாகக் கேட்க மாட்டார்கள். ஒன்றரை வருடம் ஆனால் கேட்பார்கள். வேலைக்குப் போகும் அளவுக்கு உடம்பு தேறியிருக்கிறதா என்பதை மட்டும் அவனுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர் எழுதித் தர வேண்டும். அது நான் சொல்லக்கூடிய விஷயம் அல்ல.

இனி வேலைக்கு வருகிறேன். ஒரகடத்தில் 18,000, அம்பத்தூரில் 13,500 என்பதால் ஒரகடம் என்கிறீர்கள். அந்த 18,000 எப்படி வருகிறது என்று ஒப்பந்தக்காரரிடம் மகனைக் கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஓவர்டைம், இரவு ஷிஃப்ட் படி, ஒரு நாளும் விடுப்பு எடுக்காததற்கான ஊக்கத்தொகை எல்லாம் சேர்த்துச் சொன்ன தொகையாக இருக்கும். இந்த நான்கு மாதத்தில் அவன் ஓவர்டைம் பார்க்கக் கூடாது. மாதம் ஒரு நாளாவது மாத்திரை வாங்கவோ பரிசோதனைக்கோ போயாக வேண்டும். இவற்றைக் கழித்தால் இரண்டு சம்பளத்துக்கும் நடுவில் மிஞ்சுவது சொற்பம். அதற்காக வாரம் ஒருமுறை மாறும் ஷிஃப்டையும், எட்டுப் பேர் படுக்கும் அறையையும் ஏற்றுக்கொள்ள வேண்டுமா? தூங்கும் நேரம் மாறினால் சாப்பிடும் நேரம் மாறும், சாப்பிடும் நேரம் மாறினால் மாத்திரை தவறும். அம்பத்தூர் வேலை பகலில் மட்டும், நிரந்தர நேரத்தில். அதைப் பிடியுங்கள்.

ஆனால் அங்கேயும் கேட்க வேண்டியவை இருக்கின்றன. நியமனக் கடிதத்தில் ‘ட்ரெய்னி’ என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சாதாரணப் பயிற்சிப் பணியாளரா, அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் எடுக்கும் பயிற்சியாளரா என்று தெரிய வேண்டும். அந்தச் சட்டத்தின் கீழ் சேருபவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு கிடையாது. சாதாரணப் பணியாளர் என்றால், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு, நிறுவனம் அந்தத் திட்டத்துக்குள் வருகிற பட்சத்தில், இ.எஸ்.ஐ. உண்டு. அவன் சம்பளத்தில் பிடிப்பது முக்கால் சதவீதம்தான். சேர்ந்த நாளிலிருந்தே மருத்துவ உதவி கிடைக்கும். நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குத் தரும் பணம் அப்படி உடனே வராது, சந்தா கட்டிய நாட்கள் போதிய அளவு சேர வேண்டும். காசநோய் போன்ற நீண்ட நோய்களுக்குத் தரும் கூடுதல் உதவிக்கு இரண்டு ஆண்டுப் பணி தேவை. ஆகவே இப்போதைக்கு அவன் விடுப்பு எடுக்கும் நாளுக்குச் சம்பளம் இல்லை என்றே கணக்குப் போடுங்கள். 13,500 என்பது கையில் வருவதா, நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கையும் சேர்த்து ‘சி.டி.சி.’ என்று சொன்னதா என்பதையும் கேட்டுவிடுங்கள். வார்ப்படப் பிரிவுக்கோ கிரைண்டிங் பிரிவுக்கோ அனுப்பினால் மட்டும் மறுக்கச் சொல்லுங்கள். மணல் தூளில் இருக்கும் சிலிக்கா, காசநோய் வந்த நுரையீரலுக்கு ஆகாது.

கூடுவாஞ்சேரியில் உங்கள் அண்ணன் வீட்டில் வாடகை இல்லாமல் தங்கலாம் என்பது அடுத்தது. அண்ணன் அன்பாகத்தான் கூப்பிட்டிருக்கிறார். ஆனால் கூடுவாஞ்சேரி செங்கல்பட்டு மார்க்கத்தில் இருக்கிறது, அம்பத்தூரோ அரக்கோணம் மார்க்கத்தில். காலையில் நெரிசலான மின்சார ரயிலில் பூங்கா நிலையம் வரை நின்றுகொண்டு வந்து, சாலையைக் கடந்து சென்ட்ரலுக்கு நடந்து, இன்னொரு ரயில் பிடிக்க வேண்டும். ஒரு நாளைக்குப் போகவர நான்கு மணி நேரம் போய்விடும். அந்த நான்கு மணி நேரம் அவனுடைய தூக்கத்திலிருந்துதான் வெட்டுப்படும். மாமா வீட்டில் முதல் ஞாயிற்றுக்கிழமை தங்கட்டும், பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய்ச் சாப்பிட்டுவிட்டு வரட்டும். அவசரத்துக்கு ஓடிவர ஊரில் ஒரு ஆள் இருக்கிறார் என்பதே பெரிய பலம்.

அவனுடைய நண்பன் சொன்ன பட்டரவாக்கம் விடுதிதான் சரி. ரயில் நிலையமும் தொழிற்பேட்டையும் அருகருகே இருக்கின்றன, நடந்தே வேலைக்குப் போகலாம். மூன்று வேளைச் சாப்பாட்டோடு 6,500, அதே அளவு முன்பணம். பணம் கட்டுவதற்கு முன் அறையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏ.சி. அறை தேவையில்லை. திறக்கக்கூடிய ஜன்னல் உள்ள, மூன்று பேருக்கு மேல் இல்லாத அறை வேண்டும். முன்பணத்தில் எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள், காலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கட்டும். அறையில் குடிப்பவர்கள் இருந்தால் வேறு அறை கேட்கட்டும். இந்த மாத்திரைகளோடு மது சேர்ந்தால் கல்லீரல் தாங்காது, ‘ஒரு நாள்தானே’ என்று கையில் கொடுப்பார்கள்.

25,000 ரூபாய் போதுமா? முதல் மாதக் கட்டணமும் முன்பணமும் 13,000. பாய், வாளி, பூட்டு, பாதுகாப்பு ஷூ என்று 2,000 ஆகும். மிச்சம் 10,000. அதில் 5,000 ரூபாயை அவனிடம் கொடுக்காமல் உங்கள் கணக்கிலேயே வைத்திருங்கள். சம்பளமில்லா நாட்களுக்கும் ஊருக்கு அவசரமாகத் திரும்புவதற்கும் அது. மீதி 5,000 ஒரு மாதக் கைச்செலவுக்குத் தாராளம், அவன் முதல் தேதியில் சேர்ந்தால். மாத நடுவில் சேர்ந்தால் முதல் சம்பளம் பாதியாக வரும், இரண்டாம் மாத விடுதிக் கட்டணம் முழுதாக வந்து நிற்கும். சில நிறுவனங்கள் வருகைக் கணக்கை 25ஆம் தேதியோடு முடித்துவிடும், அதையும் விசாரியுங்கள். சம்பளக் கணக்கு தொடங்கத் தாமதமானால் பழைய கணக்கிலேயே போடச் சொல்லிக் கேட்கலாம்.

இன்னொன்று, உங்களுக்குப் பிடிக்காததைச் சொல்கிறேன். மாத்திரை முடியும் வரை வீட்டுக்குப் பணம் அனுப்பு என்று கேட்காதீர்கள். கடன் இருப்பதை எழுதியிருக்கிறீர்கள், தெரியும். நீங்கள் கேட்டால் அவன் முட்டையை நிறுத்திவிட்டு அனுப்புவான். கேட்காமலே அனுப்பினால் திருப்பி அனுப்புங்கள்.

ஏனென்றால் விடுதிச் சாப்பாடு வயிற்றை நிறைக்கும், உடம்பைத் தேற்றாது. சோறு மலையாக இருக்கும், சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும். மருந்துதான் முதல் என்றேன், அதற்காக உணவு அற்பம் என்று பொருளில்லை. 2023இல் வெளியான ஜார்க்கண்ட் ஆய்வில், சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் எடை கூடியவர்களிடையே மரணம் குறைந்திருந்தது. தினம் இரண்டு முட்டை, ஒரு கை வேர்க்கடலை, ஊறவைத்த பாசிப்பயறு, கால் லிட்டர் பால், இவற்றுக்கு அடுப்பே வேண்டாம், முட்டையை வேகவைத்தே விற்கிறார்கள். விடுதியில் சாப்பாடு இல்லாத நாளில் அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். சத்து மாவு டப்பா வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம். காசநோயாளிகளுக்கு மத்திய அரசு தரும் நிக்‌ஷய் ஊட்டச்சத்து உதவி, 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. அவன் கணக்கில் அது வந்ததா என்று நீங்கள் எழுதவே இல்லை. வராவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வங்கிக் கணக்கு விவரம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள்.

அங்கே போகும்போதே சிகிச்சையைச் சென்னைக்கு மாற்றவும் கேட்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம், ஆட்கள் கோட்டைவிடுவதும் இதைத்தான். காசநோயாளிகளுக்கான அரசின் நிக்‌ஷய் பதிவில் அவனுக்கு ஒரு எண் இருக்கும். அம்பத்தூர்ப் பகுதிக்கு மாற்றிவிட்டால் அங்குள்ள மாநகராட்சி சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசமாகத் தருவார்கள். சிகிச்சை அட்டை, சளிப் பரிசோதனை முடிவு, எக்ஸ்-ரே ஆகியவற்றோடு குறைந்தது இரண்டு வாரத்துக்கான மாத்திரையும் பையில் இருக்க வேண்டும், பெட்டியில் அல்ல. பொதிகை ரயிலில் ஏறிய பிறகு ஞாபகம் வந்தால் பயனில்லை. இடையில் குழப்பம் வந்தால் 1800-11-6666 என்ற இலவச உதவி எண்ணில் கேட்கலாம். மாதம் ஒருமுறை எடை பார்க்கட்டும், எடைக்கேற்பத்தான் மாத்திரை எண்ணிக்கை. கண் மஞ்சளானாலோ, பார்வை மங்கினாலோ, பாதம் மரத்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

நிறுவனத்தில் சொல்வதா மறைப்பதா? சேரும்போது மருத்துவப் பரிசோதனை இருந்தால் மார்பு எக்ஸ்-ரேயில் தழும்பு தெரியலாம். படிவத்தில் பொய் எழுதிவிட்டு அங்கே மாட்டிக்கொள்வதைவிட, “காசநோய்க்குச் சிகிச்சை எடுக்கிறேன், சளியில் கிருமி இல்லை, வேலை செய்யலாம் என்று மருத்துவர் எழுதித் தந்திருக்கிறார்” என்று மனிதவள அதிகாரியிடம் சொல்லிச் சான்றை நீட்டுவது நல்லது. அறைத் தோழர்களிடம் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. சரியாக மாத்திரை எடுப்பவரிடமிருந்து, அதுவும் சளியில் கிருமி இல்லாத நிலையில், அவர்களுக்கு ஆபத்தில்லை. யாராவது ஒருவரிடம் சொல்லி வைத்தால், மாத்திரை போட்டாயா என்று கேட்க ஆள் கிடைக்கும்.

மாலையில் டி.என்.பி.எஸ்.சி. பயிற்சிக்கு அனுப்பலாமா என்ற கேள்விக்கு, இந்த நான்கு மாதம் வேண்டாம். பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கையை அடுத்த ஆண்டு யோசிக்கலாம்.

கடைசியாக, நீங்களும் கூடவே வந்து வீடு எடுத்துச் சமைத்துப் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் அம்மா. சென்னையில் தனி வீடு என்றால் முன்பணமே உங்கள் 25,000 ரூபாயைத் தாண்டிவிடும். கொண்டுவிட வாருங்கள், அறையையும் சுகாதார நிலையத்தையும் உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு, அண்ணன் வீட்டில் ஓரிரவு தங்கி ஊர் திரும்புங்கள். அதற்கு முன் அம்பத்தூர் நியமனக் கடிதத்தின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து அனுப்புங்கள். அவன் கையெழுத்திடும் முன் அந்த ‘ட்ரெய்னி’ எந்த வகை என்று பார்த்துச் சொல்கிறேன்.