பால் ரோப்சன்: கேளுங்கள், சொல்கிறேன்

சார், இவர் நடிகரா, பாடகரா?

இரண்டும்தான். போதாததற்கு அமெரிக்கக் கால்பந்து வீரர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். 1898இல் நியூ ஜெர்சியின் பிரின்ஸ்டனில் பிறந்தார். அப்பா அடிமையாக இருந்து தப்பி வந்து பாதிரியார் ஆனவர். நியூயார்க்கில் வக்கீல் வேலைக்குப் போன இடத்தில், கறுப்பர் சொல்லி நான் எழுதுவதா என்று வெள்ளைக்கார ஸ்டெனோ மறுத்துவிட்டார். ரோப்சன் வேலையை உதறினார். அந்த ஸ்டெனோவுக்கு நாடக உலகம் நன்றி சொல்ல வேண்டும்!

நடிப்பில் எது உச்சம்?

சந்தேகமே இல்லை, ஒத்தெல்லோ. 1943இல் நியூயார்க்கின் நாடக வீதியான பிராட்வேயில் தொடங்கி 296 காட்சிகள். அங்கே வேறெந்த ஷேக்ஸ்பியர் நாடகமும் அவ்வளவு காட்சிகள் ஓடியதில்லை. அப்புறம் ஊர் ஊராகப் போனபோது, கறுப்பரைத் தனியாக உட்காரவைக்கும் அரங்குகளில் நடிக்க மறுத்தார்.

நல்ல மார்க்கெட் இருந்தும் சினிமாவை ஏன் விட்டார்?

1935இல் ஒரு பிரிட்டிஷ் படத்தில் ஆப்பிரிக்கத் தலைவனாக நடித்தார். தன் மக்களின் பெருமையைக் காட்டும் படம் என்று நம்பித்தான் ஒப்புக்கொண்டார். வெளிவந்தபோது அது வெள்ளை அதிகாரியின் புகழ் பாடியது. இதே கதை வேறு விதங்களில் தொடர, 1942க்குப் பிறகு ஹாலிவுட்டுக்கு முழுக்குப் போட்டுவிட்டார்.

அண்ணா, அவரைச் சிறையில் போட்டார்களா?

இல்லை தம்பி. சோவியத் ரஷ்யாவைப் புகழ்கிறார், அமெரிக்க நிறவெறியைச் சாடுகிறார் என்று 1950இல் பாஸ்போர்ட்டை ரத்து செய்தார்கள். கேட்க சாதாரணமாக இருக்கும். ஆனால் உள்நாட்டில் அரங்கு தர ஆளில்லாதபோது வெளிநாட்டுக் கச்சேரிதானே பிழைப்பு? அந்த வாசலையும் அடைத்தார்கள். என்னைக் கேட்டால், சிறையே மேல், அனுதாபமாவது கிடைத்திருக்கும்.

கனடாவுக்குப் போக பாஸ்போர்ட்டே தேவையில்லை, அதற்கும் விடவில்லை. 1952 மே மாதம் எல்லையிலேயே ஒரு லாரியை நிறுத்தி, அதன்மேல் நின்று பாடினார். அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான கனடாக்காரர்கள்.

1957இல் பிரிட்டனின் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களின் விழா அங்குள்ள போர்த்கால் என்ற ஊரில் நடந்தது. நியூயார்க்கிலிருந்து கடலடித் தொலைபேசிக் கம்பி வழியாகப் பாடினார். அவர்கள் அங்கிருந்து பதிலுக்குப் பாடினார்கள். அந்த ஒலிப்பதிவு கிடைக்கிறது, கேட்டுப் பாருங்கள். 1958இல்தான் பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்தது.

அவ்வளவு வெறுப்பென்றால் ரஷ்யாவுக்கே போயிருக்கலாமே?

இதையே 1956இல் நாடாளுமன்ற விசாரணைக் குழுவும் கேட்டது. என் அப்பா அடிமையாக இருந்தவர், என் மக்கள் செத்துக் கட்டிய நாடு இது, இதில் எனக்கும் பங்குண்டு, இங்கேயேதான் இருப்பேன் என்றார்.

எல்லாம் சரி, ஸ்டாலின் விஷயத்தில் வாய் திறக்கவில்லையே?

நியாயமான கேள்வி. 1949இல் மாஸ்கோ போனபோது, ஸ்டாலின் ஆட்சியில் கைதாகியிருந்த யூதக் கவிஞர் ஃபெஃபரைப் பார்த்தே தீருவேன் என்று அடம்பிடித்தார். விடுதி அறைக்கு அழைத்து வந்தார்கள். அறையில் ஒட்டுக்கேட்கிறார்கள் என்று ஃபெஃபர் சைகை காட்டியதாக ரோப்சனின் மகன் பின்னாளில் சொன்னார். அந்தப் பயணத்தின்போதே மாஸ்கோ கச்சேரியில், போலந்தின் வார்சாவில் நாஜிகளை எதிர்த்துக் கிளர்ந்த யூதர்களை நினைத்து, யூதர்களின் இத்திஷ் மொழிப் பாடல் ஒன்றைப் பாடினார். துணிச்சல்தான். ஆனால் அமெரிக்கா திரும்பியதும், சோவியத் நாட்டில் யூதர்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை என்றார். 1952இல் ஃபெஃபரைச் சுட்டுக் கொன்றார்கள். சோவியத்தின் எதிரிகள் கையில் ஆயுதம் கொடுக்கக் கூடாது என்று நினைத்திருப்பார் என்பார்கள் அவர் அன்பர்கள். எனக்கு அது போதவில்லை.