வி.ஏ.ஓ. நாற்காலி சின்னதா?

ஐயா,

எனக்குக் கூடலூர் பக்கம். பி.ஏ. வரலாறு முடித்து ஒரு வருஷம் ஆகிறது. அரை ஏக்கர் தேயிலைதான் எங்கள் பிழைப்பு. வீடும் தோட்டமும் செக்‌ஷன் 17 நிலத்தில் இருப்பதால் பட்டா கிடையாது. கரண்ட் இணைப்புக்கே எத்தனையோ மனு போட்டுவிட்டோம். வீட்டில் எல்லா மனுவும் நான்தான் எழுதுவேன். அப்படி எழுதி எழுதித்தான் நிர்வாகத்துக்குள் போகணும் என்ற ஆசை வந்தது. பொது நிர்வாகத்தை விருப்பப் பாடமாக எடுத்து, சென்னையில் தங்கி ஐ.ஏ.எஸ்.க்குப் படி என்கிறாள் தோழி. கடன் வாங்கியாவது அனுப்புகிறேன் என்கிறார் அப்பா. மாமாவோ, "குரூப் 4 எழுதி வி.ஏ.ஓ. ஆகிடு, போதும்" என்கிறார். வி.ஏ.ஓ. ஆனால் அங்கேயே நின்றுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

மாமா சொல்வதில் "போதும்" என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டால் மற்றது சரி.

வி.ஏ.ஓ. வேலையைச் சின்னது என்று நினைக்கிறவர்களுக்குப் பழைய கதை தெரியாது. ஊர்க் கணக்கு எழுதிய கர்ணமும், ஊர்த் தலைவரான மணியக்காரரும் வழிவழியாகச் சில குடும்பங்களின் சொத்துபோல இருந்த பதவிகள். ஊரில் எந்த நிலம் யாருடையது, என்ன விளைந்தது, யார் எவ்வளவு கட்டணும் என்பதெல்லாம் அவர்கள் கையெழுத்தில் இருந்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தில் அந்தப் பதவிகளை ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982இல் அரசு பக்கம் தீர்ப்பு வந்தது. பத்தாம் வகுப்புத் தகுதியில் யார் வேண்டுமானாலும் தேர்வு எழுதி அந்தக் கணக்கைக் கையில் எடுக்கலாம் என்ற நிலை அதற்கப்புறம்தான் வந்தது. சின்ன வேலையை யாரும் தலைமுறை தலைமுறையாகப் பூட்டி வைத்திருக்க மாட்டார்கள்.

இதை வெளியே நின்று சொல்லவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மலைத் தாலுகா ஆபீசில் நாலு வருஷம் இளநிலை உதவியாளராக இருந்தேன். ஒரு பெரியவர் பேத்தியின் சாதிச் சான்றிதழுக்காக மூன்று முறை வந்தார். மூன்று முறையும் "இணைப்பு இல்லை" என்று எழுதித் திருப்பினேன். ஒவ்வொரு முறையும் "வச்சேனே சார்" என்பார். ஸ்காலர்ஷிப் தேதி முடிந்த பிறகு, வேறு ஒரு கோப்பைக் கட்டும்போது அதன் அடியில் அந்தக் காகிதம் கிடைத்தது. என் மேஜை, என் கோப்பு. தாசில்தாருக்கும் கலெக்டருக்கும் அதில் ஒரு பங்கும் கிடையாது. பெரியவரிடம் போய்ச் சொல்லக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. நிர்வாகம் என்ற வார்த்தையைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு அந்தக் காகிதம்தான் ஞாபகம் வருகிறது.

இப்போது உங்கள் வீட்டு நிலத்துக்கு வருகிறேன். கலெக்டர் ஆனால் இதைத் தீர்த்துவிடலாம் என்று உள்ளூர ஒரு கணக்கு வைத்திருக்கிறீர்கள் என்று படுகிறது. தப்பாக இருந்தால் மன்னியுங்கள்.

கூடலூர் 1877வரை மலபார் மாவட்டத்து வயநாட்டைச் சேர்ந்தது. நிலத்தில் பெரும்பகுதி நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்ம நிலம், அதாவது பரம்பரை உரிமை நிலம். 1969இல் ஜென்ம ஒழிப்புச் சட்டம் வந்தது, 1974இல் நடைமுறைக்கு வந்தது. ஜென்மிகள் தோட்டக் கம்பெனிகளுக்குக் குத்தகை விட்ட நிலங்களைப் பற்றிய பிரிவுதான் அந்த 17. குத்தகையைத் தொடர்வதா முடிப்பதா என்பதை அரசு முடிவு செய்யலாம் என்றது சட்டம். கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. வழக்கு நடந்துகொண்டே இருக்க, ஜனங்கள் குடியேறி, வீடு கட்டி, தேயிலை நட்டு, பேரப்பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள். அப்புறம் 1995இல் அதே நிலம்பூர் கோவிலகத்துக் கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்க் காடு வெட்டப்படுகிறது என்று உச்ச நீதிமன்றத்தில் மனு போட்டார். 1996 டிசம்பர் 12 அன்று, நிலம் யார் பெயரில் இருந்தாலும் அகராதிப் பொருளில் காடாக இருப்பதெல்லாம் காடுதான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தியா முழுக்கக் காட்டுச் சட்டத்தைப் புரட்டிப்போட்ட வழக்கு உங்கள் ஊரில் முளைத்தது.

ஆகவே உங்கள் பட்டா வருவாய்த்துறை, வனத்துறை, நீதிமன்றம் என்று மூன்று இடத்தில் கிடக்கிறது. எந்தக் கலெக்டரும் ஒரு கையெழுத்தில் அதைத் தர முடியாது. ஊட்டியில் உட்கார்ந்து பார்த்திருந்தால் உங்களுக்கே அது புரிந்திருக்கும்.

அப்படியானால் என்ன மிச்சம்? நிறைய இருக்கிறது. பட்டா இல்லாத வீட்டிலும் விதவைக்கு உதவித்தொகை வேண்டும், பிள்ளைக்குச் சான்றிதழ் வேண்டும், மண்சரிந்து சுவர் விழுந்தால் நிவாரணத்துக்கு யாராவது வந்து பார்த்து உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். பணியர், காட்டுநாயக்கர் என்ற பழங்குடிகளின் குடியிருப்புகளில் 2006 வன உரிமைச் சட்டப்படி போட்ட மனுவுக்கு இடத்தைப் பார்த்து அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கையின் முதல் வரியை எழுதுகிறவர்களில் வி.ஏ.ஓ.வும் ஒருவர். மேலே போகிற ஒவ்வொரு கையெழுத்தும் அந்த வரியை நம்பித்தான் விழுகிறது.

விருப்பப் பாடம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொது நிர்வாகம் நல்ல பாடம். கௌடில்யரிலிருந்து மாக்ஸ் வெபர், டெய்லர் என்று போய், மாவட்ட நிர்வாகத்தில் வந்து நிற்கும். ஆனால் மொத்தமுள்ள 2,025 மதிப்பெண்ணில் விருப்பப் பாடத்துக்கு 500தான். அதை எடுப்பதால் யாரும் நிர்வாகி ஆவதில்லை, வரலாறு படித்த நீங்கள் வரலாற்றையே எடுக்கலாம். முதன்மைத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம்.

அப்பாவைக் கடன் வாங்க விடாதீர்கள். இதில் மட்டும் நான் பிடிவாதமாகச் சொல்வேன். சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் தமிழக அரசே ஐ.ஏ.எஸ். பயிற்சி மையம் நடத்துகிறது, நுழைவுத் தேர்வு எழுதணும். உங்களுக்குக் கோவை பக்கம். அது ஒரு பக்கம் இருக்கட்டும், குரூப் 4-ஐ இப்போதே எழுதுங்கள். 200 கேள்வி, 300 மதிப்பெண். தமிழ்ப் பகுதியில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள், அதனால் தமிழை லேசாக விடாதீர்கள். பள்ளியிலிருந்து தமிழ்வழியில் படித்திருந்தால் 20 சதவீத ஒதுக்கீடும் உண்டு.

அங்கேயே நின்றுவிடுவேனோ என்கிறீர்கள். நிற்கிறவர்கள் உண்டு, மறைக்க மாட்டேன். சம்பளம், கல்யாணம், வீட்டுக் கடன், அப்புறம் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. ஆனால் வேலையில் இருந்துகொண்டே துறைக்குத் தெரிவித்துவிட்டு குரூப் 2, குரூப் 1, யு.பி.எஸ்.சி. எல்லாம் எழுதலாம். குரூப் 1-இல் துணை ஆட்சியரானவர்கள் பின்னால் பதவி உயர்வில் ஐ.ஏ.எஸ். ஆவதும் உண்டு, அந்தப் பணியிடங்களில் மூன்றில் ஒரு பங்கு வரை அப்படித்தான் நிரப்புகிறார்கள். அடங்கல், சிட்டா என்ற பயிர், நிலக் கணக்குகளை எழுதிய கைக்குத் துணை ஆட்சியர் நாற்காலியில் யாரும் கதை விட முடியாது.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். வருஷாவருஷம் மே, ஜூன் வாக்கில் உங்கள் தாலுகா ஆபீசில் ஜமாபந்தி நடக்கும். கிராமக் கணக்குகளை வரிசையாக அடுக்கி வைத்துத் தணிக்கை செய்வார்கள். நிலம் அளக்கிற சங்கிலியைக்கூட எடுத்துப் பார்ப்பார்கள். பொதுமக்கள் மனுவும் கொடுக்கலாம். அந்தக் கரண்ட் மனுவை மறுபடி எழுதிக்கொண்டு போங்கள். கொடுத்ததும் திரும்பி வந்துவிடாமல், ஒரு நாள் முழுக்க அங்கே ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். மனுவுக்கு ஒரு எண் போடுவார்கள். அடுத்த மூன்று மாதத்தில் அந்த எண் எந்தெந்த மேஜைக்குப் போனது, எங்கே எத்தனை நாள் கிடந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அலுத்துப் போச்சு என்றாலும் சரி, அந்த மேஜையில் நானே உட்காரணும் என்று தோன்றினாலும் சரி, எனக்கு எழுதுங்கள்.