இரண்டாம் தாரம்: சாத்திரம் சொன்னது, சட்டம் சொல்வது

கேள்வி: 'ஆணுக்கு எத்தனை பெண்டாட்டி இருந்தாலும் சாத்திரம் தடுக்கவில்லை' என்று என் மாமனார் அடித்துச் சொல்கிறார். அப்படித்தானா?
வாசகி, கும்பகோணம்

வேத காலத்தில் பலதார மணம் இருந்தது. தைத்திரீய சங்கிதை, வேள்வித் தூண் ஒன்றில் இரண்டு கயிறு கட்டுவதைச் சொல்லி, அதனால்தான் ஒருவனுக்கு இரு மனைவியர் என்கிறது; ஒரே கயிற்றை இரு தூண்களில் சுற்றுவதில்லை, அதனால் ஒருத்திக்கு இரு கணவர் இல்லை என்றும் சேர்த்துக்கொள்கிறது. அசுவமேதத்தில் அரசனுக்கு நான்கு மனைவியர் நிற்கிறார்கள். அதே மரபுதான் ரிக் வேதம் 10ஆம் மண்டலத்தின் 145ஆம் சூக்தத்தையும் பாதுகாத்து வைத்திருக்கிறது. சக்களத்தியை விரட்ட ஒரு பூண்டைத் தோண்டி எடுக்கும் பெண்ணின் மந்திரம் அது. மொத்தம் ஆறே செய்யுள். பலதார மணத்தைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் அதை அவசியம் படிக்க வேண்டும். அந்த வீட்டுக்குள் இருந்தவள் பட்ட பாடு அதில் இருக்கிறது.

ஆனால் 'தடுக்கவில்லை' என்பது தவறு. மனைவி அறத்தோடு நடப்பவளாகவும் பிள்ளை பெற்றவளாகவும் இருந்தால் வேறொருத்தியை மணக்கக் கூடாது என்று ஆபஸ்தம்ப தர்மசூத்திரம் நேரடியாகவே விதிக்கிறது. இரண்டில் ஒன்று குறைந்தால் மணக்கலாம். அதுவும் வேள்வித்தீ நிறுவுவதற்கு முன்புதான். தீ நிறுவியபோது உடனிருந்த மனைவி அந்தச் சடங்குகளில் பங்காளியாகிவிடுகிறாள் என்பது காரணம். மனைவிக்குத் துரோகம் செய்தவனுக்கு அதே நூல் விதிக்கும் பிராயச்சித்தம் கடுமையானது: கழுதைத் தோலை மயிர் வெளியே தெரியும்படி போர்த்திக்கொண்டு, தான் செய்ததைச் சொல்லியபடியே ஏழு வீட்டில் பிச்சை எடுத்து ஆறு மாதம் பிழைக்க வேண்டும்.

கேள்வி: குழந்தை இல்லாவிட்டால் எத்தனை வருடம் காத்திருக்கச் சொன்னார்கள்? முதல் மனைவிக்கு ஏதாவது கொடுத்தார்களா?
வாசகர், விருதுநகர்

மனு ஸ்மிருதி 9ஆம் அத்தியாயம் 81ஆம் சுலோகத்தின் கணக்கு இது: குழந்தை பிறக்காதவளுக்கு 8ஆம் ஆண்டு, பிறந்த குழந்தைகள் எல்லாம் இறந்தவளுக்கு 10ஆம் ஆண்டு, பெண் குழந்தைகளையே பெற்றவளுக்கு 11ஆம் ஆண்டு. கடுஞ்சொல் பேசுகிறவளுக்குக் காத்திருப்பே கிடையாது, உடனே! அடுத்த சுலோகத்தில் ஒரு விலக்கு: நோயாளியாக இருந்தாலும் கணவனிடம் அன்பும் நல்லொழுக்கமும் உள்ளவள் என்றால், அவள் சம்மதம் இல்லாமல் மறுமணம் கூடாது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் 8, 10, 12 ஆண்டுகள் என்று வைக்கிறது. கெடுவை மீறியவன் முதல் மனைவிக்கு ஈடு கொடுப்பதோடு, 24 பணம் வரை அபராதமும் கட்ட வேண்டும்.

பணக் கணக்கு யாக்ஞவல்கிய ஸ்மிருதியில் தெளிவாக இருக்கிறது. இரண்டாம் திருமணத்துக்கு எவ்வளவு செலவாகிறதோ அதற்குச் சமமான தொகை முதல் மனைவிக்குப் போக வேண்டும். இதற்கு 'ஆதிவேதனிகம்' என்று பெயர். ஏற்கெனவே அவளுக்குச் சீதனம் கொடுத்திருந்தால் பாதி போதும். அதாவது, செலவு இரட்டிப்பாகும் என்று தெரிந்தேதான் ஒருவன் இரண்டாம் தாரம் தேட முடியும்.

இந்த நிபந்தனைகளை நியாயம் என்று நாங்கள் சொல்லவில்லை. பிண்டம் போட ஒரு மகன் வேண்டும் என்ற ஒற்றை நோக்கத்துக்காகப் பெண்ணின் வயிற்றுக்கு வைத்த கெடு இது. குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தந்தையின் உயிரணு. அது தெரியாத காலத்தில் 11 ஆண்டு, 12 ஆண்டு என்று அவள் தலையில் சுமத்தினார்கள். தெரிந்த இந்தக் காலத்திலும் சில வீடுகளில் அந்தப் பேச்சு ஓயவில்லை என்பதுதான் வேதனை.

கேள்வி: முருகனுக்கு வள்ளி, தெய்வானை, தசரதனுக்கு மூன்று பேர். பிறகு ஒருவனுக்கு ஒருத்தி என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது?
வாசகர், பழனி

தசரதனின் மகனிடமிருந்தே! சீதை பிரிந்த பிறகு ராமன் அசுவமேதம் செய்கிறான். வேள்விக்கு மனைவி உடனிருந்தாக வேண்டும். மறுமணத்துக்கு அதைவிட வலுவான சாக்கு கிடைக்காது. அவனோ பொன்னால் சீதை உருவம் செய்து பக்கத்தில் வைத்துக்கொள்கிறான் என்கிறது உத்தர காண்டம். கம்பர் இதைச் சபதமாகவே ஆக்கிவிட்டார்: 'இந்த இப்பிறவிக்கு இரு மாதரைச் சிந்தையாலும் தொடேன்.' அசோகவனத்தில் சீதை நினைவுகூரும் வாக்கு அது. மனுவிலும் 9ஆம் அத்தியாயத்திலேயே, சாகும்வரை ஒருவருக்கொருவர் பிழையாதிருப்பதே கணவன் மனைவிக்கு மேலான அறம் என்று வருகிறது. முருகனின் இரு தேவியரை இச்சா சக்தி, கிரியா சக்தி என்று சைவர்கள் வழிபடுகிறார்கள். அதைக் காட்டி மனிதன் சலுகை கேட்க இடமில்லை.

கேள்வி: நம் மாகாணத்தில் இதற்குத் தடை எப்போது வந்தது?
வாசகி, சேலம்

1949இல், சென்னை மாகாண இந்து இருதார மணத் தடுப்பு மற்றும் விவாகரத்துச் சட்டத்தின் மூலம். பம்பாய் மாகாணம் 1946இலேயே செய்துவிட்டது. நாடு முழுவதற்கும் இந்து திருமணச் சட்டம் 1955 மே 18 முதல்.

இதற்கு முந்தைய நிலைமை சாத்திரத்தைவிட மோசம். 1863இல் சென்னை உயர் நீதிமன்றம், இந்து ஆணுக்கு மனைவியரின் எண்ணிக்கையில் கட்டுப்பாடே இல்லை, முதல் மனைவியின் சம்மதமோ தக்க காரணமோ தேவையில்லை என்று தீர்ப்பளித்தது. கெடுவும் ஈட்டுத்தொகையும் வெறும் அறிவுரையாகிப்போயின. தடைச்சட்டம் வந்ததும் 'மதத்தில் கை வைக்கிறார்கள்' என்று வழக்குப் போட்டார்கள். மகன் வேண்டுமென்றால் தத்து எடுக்கும் வழி இந்து மதத்திலேயே இருக்கிறது, பலதார மணம் அதன் இன்றியமையாத பகுதி என்று ஏற்க முடியாது என 1951இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றமும் நம் சட்டத்தைச் செல்லும் என்றது.

கேள்வி: என் அக்காவின் கணவர் ஒரு கோயிலில் வேறொரு பெண்ணுக்குத் தாலி கட்டிவிட்டார். காவல் நிலையத்தில் 'கோர்ட்டுக்குப் போங்கள்' என்கிறார்கள். என்ன செய்வது?
வாசகர், திருவள்ளூர்

இருதார மணக் குற்றத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. பாரதிய நியாய சன்ஹிதா 82ஆம் பிரிவின்படி (2024 ஜூலை 1க்கு முன் நடந்திருந்தால் இந்திய தண்டனைச் சட்டம் 494) 7 ஆண்டு வரை சிறை. முதல் திருமணத்தை மறைத்து மணந்திருந்தால் 10 ஆண்டு வரை. ஆனால் நீதித்துறை நடுவரிடம் தனிப்புகாராகத்தான் இது தொடங்க முடியும். அக்கா நேரில் போகாவிட்டாலும் அவருக்காகப் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், பெற்றோரின் உடன்பிறந்தோர் புகார் செய்யலாம். நீங்கள் தம்பி என்பதால் உங்களாலும் முடியும்.

இந்த வழக்குகள் தோற்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: இரண்டாவது திருமணம் முறைப்படி நடந்ததற்குச் சாட்சி இல்லாமல் போவது. 'சேர்ந்து வாழ்கிறார்கள்', 'ஊருக்கே தெரியும்' என்பவை போதாது. மணந்ததாக அவரே ஒப்புக்கொண்டாலும் அது மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றம் 1960களிலிருந்து சொல்லி வருகிறது. சடங்கு நடந்ததைக் கண்ணால் பார்த்தவர் வேண்டும்.

தமிழ்நாட்டில் ஒரு வசதி இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தில் 1967இல் அண்ணா ஆட்சி சேர்த்த 7அ பிரிவின்படி, உறவினர், நண்பர் முன்னிலையில் தாலி கட்டினாலோ மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலோ அது முழுத் திருமணம். சுயமரியாதைத் திருமணங்களுக்காக வந்த பிரிவு அது. திருத்தணியில் நடந்த ஓர் இரண்டாம் மணம் பற்றிய வழக்கில், தீ வலம் ஏழடி நடக்கவில்லை என்று கணவர் தப்பப் பார்த்தார். தாலி கட்டியதைப் புரோகிதர் சாட்சி சொன்னது போதும், 7அ பிரிவின்படி ஏழடி தேவையில்லை என்று 2001இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே முதலில் அந்தப் புரோகிதரைக் கண்டுபிடியுங்கள். கோயில் திருமணப் பதிவேட்டின் நகல், கட்டணச் சீட்டு, புகைப்படம், பத்திரிகை, அங்கே நின்ற இரண்டு பேரின் பெயர், முகவரி ஆகியவற்றை அவர்கள் உஷாராவதற்குள் திரட்டுங்கள். அக்காவின் திருமணச் சான்றும் அதே அளவு முக்கியம். இல்லையென்றால் பத்திரிகை, புகைப்படம், குடும்ப அட்டை, குழந்தைகளின் பிறப்புச் சான்று உதவும்.

இந்த வழக்கு முடியும்வரை அக்கா சோற்றுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தனியே வாழ்ந்தபடி ஜீவனாம்சம் கேட்க அவருக்கு உரிமை உண்டு; அந்த மனுவைக் குடும்ப நீதிமன்றத்தில் உடனே போடலாம். கணவர் அரசு ஊழியர் என்றால் நடத்தை விதிகளின்படி துறை நடவடிக்கைக்கும் எழுதுங்கள்.

கேள்வி: செல்லாத இரண்டாம் திருமணத்தில் பிறந்த குழந்தைக்குச் சொத்தில் பங்கு உண்டா?
வாசகி, மன்னார்குடி

உண்டு, பெற்றோரின் பங்கில் மட்டும். 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பூர்வீக நிலம் 12 ஏக்கர். தந்தை உயில் எழுதாமல் இறக்கிறார். அவருடைய தாயார் முன்பே காலமாகிவிட்டார். இருப்பவர்கள் முதல் மனைவி, அவருடைய ஒரே மகன், இரண்டாம் மணத்தில் பிறந்த ஒரு மகள் என்று வைத்துக்கொள்வோம். இறப்பதற்குச் சற்று முன் பாகம் பிரித்ததாகக் கொண்டால் தந்தைக்கு 6, மகனுக்கு 6 ஏக்கர். தந்தையின் 6 ஏக்கர் மூவருக்கும் தலா 2. ஆக, மகனுக்கு 8, முதல் மனைவிக்கு 2, அந்த மகளுக்கு 2. தந்தை சுயமாகச் சம்பாதித்ததில் மூவருக்கும் சம பங்கு.

இரண்டாவதாக மணந்த பெண் வாரிசு ஆகமாட்டார். முதல் திருமணத்தை மறைத்து அவரை ஏமாற்றியிருந்தால், கணவர் உயிரோடு இருக்கும்போது ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டிருக்கிறது. ஏமாற்றப்பட்டதற்கான கடிதம், குறுஞ்செய்தி, மண்டபத்தில் எழுதிக்கொடுத்த விண்ணப்பம் எதுவாக இருந்தாலும் அவர் பத்திரப்படுத்தி வைக்கட்டும்.