அட்மின் பாஸ்வேர்ட் இல்லாமல் பேக்கேஜ் போடுவது: மட்டக்களப்பு, அம்பாறைக் கேள்விகள்

ஆய்வறிக்கை கொடுக்கும் காலம் நெருங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். புள்ளிவிவர மென்பொருள் கம்பியூட்டரில் இருக்கும், தேவையான துணைப் பேக்கேஜ் மட்டும் இருக்காது, போடப் போனால் அட்மின் பாஸ்வேர்ட் கேட்கும்.

செங்கலடியிலிருந்து ஒரு தங்கச்சி: லேப் கம்பியூட்டரில் ஆர் (R) என்ற புள்ளிவிவர மென்பொருள் இருக்கிறது சேர். பேக்கேஜ் போட்டால் 'லைப்ரரியில் எழுத முடியாது' என்று சிவப்பெழுத்தில் வருகிறது. என்ன செய்வது?

அது பெரிய கோளாறு இல்லை. லைப்ரரி என்றால் பேக்கேஜ்கள் இருக்கும் ஃபோல்டர். ஆர் இருக்கும் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் அட்மினைத் தவிர வேறு யாரும் எழுத முடியாது, அவ்வளவுதான். 'உங்களுக்கென்று தனி லைப்ரரி உருவாக்கவா' என்று ஆரே கேட்கும், பலர் அதை வாசிக்காமல் மூடிவிடுகிறார்கள். 'யெஸ்' கொடுங்கள். 2022இல் வந்த ஆர் 4.2 பதிப்பு முதல் விண்டோஸில் அந்த லைப்ரரி உங்கள் கணக்கின் ஆப்டேட்டா, லோக்கல் ஃபோல்டருக்குள் உட்காரும்.

ஆனால் சில லேப்களில் மெஷினை ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் துடைபட்டுப் போய்விடும். அப்படியானால் பென் டிரைவில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி, ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே 'லிப்பாத்ஸ்' (.libPaths) கட்டளையால் அதைக் காட்டிவிடுங்கள். பாதையில் முன்சாய்ந்த கோடு (/) போட வேண்டும், விண்டோஸ் காட்டும் பின்சாய்ந்த கோட்டை (\) அப்படியே ஒட்டினால் ஆர் ஏற்காது. இன்னொன்று, ஒரு மெஷினில் ஈ டிரைவாக வந்த பென் டிரைவ் பக்கத்து மெஷினில் எஃப் ஆக வரும், அந்த எழுத்தைப் பார்த்து மாற்றாமல் ஓட்டினால் 'பேக்கேஜே இல்லை' என்று சொல்லும்.

இடையில் 'சோர்ஸிலிருந்து கம்பைல் செய்யவா' என்று கேட்டால் 'நோ' சொல்லுங்கள். 'யெஸ்' சொன்னால் கம்பைல் செய்ய வேண்டிய ஆர்டூல்ஸ் என்ற கருவித்தொகுப்பு இல்லாத மெஷினில் பெரும்பாலும் பாதியில் நின்றுவிடும்.

அக்கரைப்பற்று, கந்தோர் ஒன்றில் வேலை: எங்கள் கம்பியூட்டரில் இன்டர்நெட்டே இல்லை. பேக்கேஜ் ஒவ்வொன்றாக ஜிப்பில் இறக்கிப் போட்டால் இன்னொன்று வேண்டும் என்கிறது, முடிவே இல்லை.

ஜிப் வழியை விட்டுவிடுங்கள். வீட்டு லேப்டாப்பும் விண்டோஸ்தானே? கந்தோரில் உள்ள அதே ஆர் பதிப்பை அதில் போட்டு, ஒரு வெற்று ஃபோல்டருக்குள் வேண்டியதை இன்ஸ்டால் செய்தால், சார்ந்த பேக்கேஜ்களும் தாமாகவே அதற்குள் வந்துவிடும். அந்த ஃபோல்டரை முழுதாகக் கொப்பி பண்ணிக் கொண்டுபோய் லைப்ரரியாகக் காட்டினால் வேலை முடிந்தது. ஒரு இடத்தில் 4.3, மற்ற இடத்தில் 4.4 என்று இருந்தால் மட்டும் தகராறு வரும். பென் டிரைவ் கொண்டுபோக அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், அது பாஸ்வேர்டைவிடப் பெரிய விஷயம்.

கல்முனை: ஸ்டேட்டா (Stata) என்ற புள்ளிவிவர மென்பொருளில், முடிவுகளை அட்டவணையாக்கும் 'எஸ்டவுட்' (estout) பேக்கேஜ் வேண்டும்.

'சிஸ்டிர்' (sysdir) என்று அடித்தால் ஸ்டேட்டா பயன்படுத்தும் ஃபோல்டர்களின் பட்டியல் வரும். அதில் 'பிளஸ்' என்ற வரி எழுத முடியாத இடத்தைக் காட்டினால், 'சிஸ்டிர் செட் பிளஸ்' என்று உங்கள் ஃபோல்டரின் பாதையைக் கொடுத்துவிட்டு, வழக்கமான எஸ்எஸ்சி இன்ஸ்டால் (ssc install) கட்டளையை ஓட்டுங்கள். ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் ஈ என்று ஒரு குட்டி ஃபோல்டர் இருக்கும், எஸ்டவுட் அதற்குள்தான், ஸ்டேட்டா முதலெழுத்துப்படி அடுக்கிவைக்கும். ஸ்டேட்டாவை மூடினால் இந்த அமைப்பு மறந்துபோகும், ஆகவே அந்த வரியை உங்கள் கட்டளைகளை எழுதிவைக்கும் டூ ஃபைலின் (do-file) மேலே வைத்துவிடுங்கள்.

ஒலுவில்: எஸ்பிஎஸ்எஸ் (SPSS) புள்ளிவிவர மென்பொருளில் புரோசஸ் (PROCESS) என்ற துணை மேக்ரோவை மெனுவில் சேர்க்க அட்மின் கேட்கிறது, மீடியேஷன் (ஒரு மாறி இன்னொன்றை இடையில் உள்ள மாறி வழியாகப் பாதிக்கிறதா என்று) பார்க்க வேண்டும் அண்ணா.

மெனு எதற்குத் தம்பி? அதோடு வரும் சின்டாக்ஸ் (கட்டளை) ஃபைலை எஸ்பிஎஸ்எஸ்ஸில் திறந்து, உள்ளே ஒரு எழுத்தையும் மாற்றாமல் 'ரன் ஆல்' கொடுங்கள். கொஞ்சம் காத்திருங்கள், அப்புறம் புரோசஸ் கட்டளையை எழுதி ஓட்டலாம். எஸ்பிஎஸ்எஸ்ஸைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும். அலுப்புத்தான், ஆனால் நீங்கள் ஓட்டிய மாடல் சின்டாக்ஸில் எழுத்தாக இருப்பதால் மேற்பார்வையாளர் கேட்டால் அப்படியே காட்டலாம்.

காத்தான்குடி: எக்ஸலில் ரிக்ரஷன் (தொடர்புப் போக்குப் பகுப்பாய்வு) பார்க்கும் டூல்பாக்குக்கும் அட்மின் வேண்டுமா?

வேண்டாம். ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் போய்க் கீழே 'கோ' அழுத்தி, அனாலிசிஸ் டூல்பாக்குக்கு டிக் போடுங்கள். டேட்டா மெனுவின் வலது ஓரத்தில் வந்து நிற்கும்.

ஏறாவூர்: அட்மின் பாஸ்வேர்டை உடைக்கும் மென்பொருள் ஒன்றைக் கூட்டாளி தந்தான், போடலாமா?

போடாதீர்கள். வேண்டிய பேக்கேஜ்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி லேப் பொறுப்பாளரிடம் கொடுங்கள், ஒருமுறை பொது லைப்ரரியில் போட்டுவிட்டால் அந்த மெஷினில் இருக்கும் எல்லோருக்கும் அது வேலை செய்யும்.